பால் சொசைட்டியில் வாசித்த என் மார்க்

நான்காம் செமஸ்டரில் நான் ஒரு பேப்பரில் பெயில் என்பதை எனக்குச் சொன்னது பல்கலைக்கழகம் இல்லை, காலேஜும் இல்லை. பஸ் நிறுத்தத்தில் எருமையைப் பிடித்துக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டு அக்கா.

“ஒரு பேப்பரு பூட்ச்சாமே? வுடு கண்ணு, மத்ததெல்லாம் பாஸுதான.”

ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கே அப்போதுதான் தெரியும். கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தல் வழியாக வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, போனில் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்த ரிசல்ட் பக்கத்தை வழியெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தவள் நான். நான் இறங்குவதற்குள் என் மார்க் ஊரில் இறங்கிவிட்டது. பால் ஊற்ற வந்தவர்கள் அத்தனை பேர் காதிலும் விழுந்து, எருமையோடு நடந்து பஸ் நிறுத்தம் வரை வந்துவிட்டது.

பால் சொசைட்டி வாசலில் அதை உரக்க வாசித்தவர் எங்கள் நிலத்துக்காரர். நாங்கள் குத்தகைக்கு உழுத மேட்டு மரவள்ளிக் கொல்லையும் கிணற்றடித் துண்டு நிலமும் அவருடையவை. காலேஜ் கணினியில் என் அப்பா பெயருக்கு நேராக இருந்தது அவருடைய போன் நம்பர்.

இதைக் கேட்டால் டவுன்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் பக்கம் யாரும் சிரிக்க மாட்டார்கள். அப்பாவிடம் போன் இருந்தது, பட்டன் போன். ஆனால் நம்பர் நிலையாக இருந்ததில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் குடை விரித்து உட்கார்ந்து சும்மா சிம் கொடுக்கிறவனைப் பார்த்தால் அப்பாவுக்குக் கை சும்மா இருக்காது. புது சிம்மில் கொஞ்ச நாள் இலவசமாகப் பேசலாம், தீர்ந்ததும் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த குடைக்குப் போகலாம். அதனால் ரேஷன் கார்டு, கேஸ், பேங்க் என்று எங்கே நம்பர் கேட்டாலும் அப்பா நிலத்துக்காரர் நம்பரைக் கொடுத்தார். அப்பா மட்டுமா? அவர் நிலத்தில் குத்தகை வைத்திருந்த எல்லா வீட்டுக்கும் அதுதான் நம்பர். காலேஜ் அட்மிஷனிலும் அதையே எழுதினார். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. எனக்கும் அன்று படவில்லை.

நிலத்துக்காரர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை சுலபமாகிவிடும். அந்தக் காலத்து பி.யூ.சி. படித்தவர். இங்கிலீஷ் வாசிப்பதில் அவருக்கு ஒரு பெருமை. சாயங்காலம் பால் சொசைட்டி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அன்றைக்கு வந்த மெசேஜ்களை ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பார். முதலில் இங்கிலீஷில், அப்புறம் தமிழில் விளக்கம். “உனுக்கு கேஸ் வருதுபா, இந்த நம்பரச் சொல்லு.” “உன் பென்ஷன் ஏறிடுச்சு.” “ஏம்பா, உன் அக்கவுண்ட்ல காசு கம்மியா கீதாம், பேங்க்ல புடிச்சுட்டான்.” பால் கேனோடு நிற்கிறவர்கள் கேட்டுக்கொண்டு போவார்கள். கூலி வாங்கியதில்லை, முகம் சுளித்ததில்லை. அப்பா அவரை அண்ணே என்பார். அவர் அப்பாவைத் திருப்பித் தம்பி என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை, ‘ஏம்பா’தான்.

கேஸ் சிலிண்டரோடு என் மார்க்கும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது.

முதல் வருடம் வேடிக்கையாகத்தான் இருந்தது. இன்டர்னல் டெஸ்டில் நல்ல மார்க் வாங்கினால் ஊரே கூப்பிட்டுப் பாராட்டும். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது, பொய் சொல்வானேன். பிறகு காலேஜில் புதிதாக ஒன்று ஆரம்பித்தார்கள். வகுப்புக்கு வராவிட்டால் அன்று காலையே பெற்றோருக்கு மெசேஜ். உங்கள் மகள் இன்று வரவில்லை என்று.

என் பெஞ்சில் உட்கார்ந்தவள் கல்வராயன் மலைக்காரி, வெள்ளிமலைக்கு அப்பால் அவள் ஊர். ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். அவள் வீட்டில் டவர் கிடையாது. அவளுடைய அப்பா கடுக்காய் விற்க டவர் கிடைக்கும் மேட்டுப் பக்கம் வரும்போதுதான் மெசேஜ்கள் மொத்தமாக வந்து விழும். “எங்கப்பாவுக்கு நான் லீவு போட்டது தெரியறதுக்குள்ள எனக்குக் காய்ச்சலே சரியாப் போயிடும்” என்று சிரிப்பாள். டவர் இல்லாத ஊரைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டாள் என்றால் அது நான்தான்.

ஏனென்றால் ஒரு நாள் சொசைட்டி வாசலில், அத்தனை ஆம்பளைகள் நடுவில், நிலத்துக்காரர் அப்பாவிடம் கேட்டார்:

“ஏம்பா, உன் பொண்ணு மாசா மாசம் ஒரு நாளு தவறாம லீவு போடுதே. ஒடம்புக்கு இன்னா?”

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் கேனோடு நின்ற பெண்களுக்குப் புரிந்தது. ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பால் அளக்கிறவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முணுமுணுத்தார், அம்மா என்னிடம் முணுமுணுத்தாள். நான் அழுதேன். வெட்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். அடுத்த மாதத்திலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். வகுப்பில் பெஞ்சில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தேன், ஒரு மெசேஜ் போகக்கூடாது என்பதற்காக.

அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தெரியவில்லை. கேட்கக்கூடிய விஷயம் அது என்றே தெரியாது. காலேஜ் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது, பெண் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். அந்தப் பெயில்தான் என்னை எழுப்பியது.

அன்று அக்காவிடம் தலையாட்டிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தேன். அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ரிசல்ட் எப்படி இருந்தாலும் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று. பாஸ் என்றால் என்ன சொல்வது, பெயில் என்றால் எங்கே ஆரம்பிப்பது, அடுத்த முறை எழுதிவிடலாம் என்பதை எப்போது சொல்வது, எல்லாம். வாயைத் திறக்க இடமே இல்லை. அவர் முகத்தில் ரிசல்ட் முன்னாலேயே வந்திருந்தது. அதோடு இன்னொன்றும் வந்திருந்தது.

“அண்ணன் சொல்றாரு, இனிமே காலேஜுக்கு செலவு பண்றது வேஸ்டுன்னு. சின்னசேலம் பக்கம் அவரு மச்சான் ஜவ்வரிசி மில்லுல கணக்கு எழுத ஆளு கேக்கறாராம். திங்கக்கெழம இட்டுக்கினு போறேன்னாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“இன்னா சொல்றது? எல்லாரும் நிக்கிறாங்க. சரின்னேன்.”

ஒரே ஒரு பேப்பர். அதை வைத்து ஒரு மனுஷர் நாற்காலியில் உட்கார்ந்தபடி என் படிப்பை நிறுத்திவிட்டார், அப்பா கேனைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெயில் ஆனதற்கு நான் வருத்தப்பட்டேன், அது வேறு. ஆனால் அந்தப் பெயில் என்னுடையது. என்னைப் பெற்ற அப்பனிடம் அதை என் வாயால் சொல்லும் உரிமை எனக்கு இருந்தது. அதை ஒருவர் எடுத்துக்கொண்டு போய் ஊர் வாசலில் விரித்துப் போட்டு, தீர்ப்பும் சொல்லிவிட்டார். மில்லுக்குப் போக மாட்டேன் என்று மட்டும் சொன்னால் போதாது என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. அந்த நம்பர் அங்கே இருக்கிற வரைக்கும் அடுத்த செமஸ்டரிலும் இதே நாற்காலி, இதே தீர்ப்பு.

மறுநாள் காலை வகுப்புக்குப் போகவில்லை, நேராக ஆபீசுக்குப் போனேன். மெசேஜ் போகட்டும், போய் நிலத்துக்காரர் வாசிக்கட்டும் என்று இருந்தது.

ஆபீசில் இருந்த மேடம் திருக்கோவிலூர்க்காரர், கறாரானவர். அப்பா நம்பரை மாற்ற வேண்டும் என்றதும் கணினியைப் பார்த்துச் சொன்னார்:

“ஏம்மா, உங்கப்பா எவ்ளோ அக்கறையா பேசுவாரு தெரியுமா? போன மாசம்கூட போன் பண்ணேன். ‘ஆமா மேடம், நான்தான் பேசறேன், நான் கண்டிக்கிறேன்’னாரு. இந்த மாதிரி அப்பா கெடைக்கணுமே.”

“அவரு எங்கப்பா இல்ல மேடம். நாங்க உழுவுற நெலத்துக்கு சொந்தக்காரரு.”

மேடம் மவுஸிலிருந்து கையை எடுத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார், இப்படி நிறைய இருக்கிறதாம். மளிகைக் கடைக்காரர் நம்பர், மினி பஸ் கண்டக்டர் நம்பர், யாரோ ஒரு வாத்தியார் நம்பர். “நாங்க இன்னாம்மா கண்டோம்? எழுதிக் குடுத்ததுக்கு அனுப்பறோம்.”

அந்த நேரம் பார்த்து எங்கள் துறைத் தலைவர் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, பொம்பளப் புள்ளைங்க விஷயம் பெரியவங்களுக்குத் தெரிஞ்சா நல்லதுதானே, யாரோ ஒருத்தர் கண்காணிச்சா உனக்குத்தானே பாதுகாப்பு என்றார். அவரை எதிர்த்து அதுவரை நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“எங்கப்பாவுக்குத் தெரியட்டும் சார். நானே சொல்றேன். ஊருக்குத் தெரிய வேணாம். உங்க மார்க் ஷீட்ட எங்க ஊரு பால் சொசைட்டில படிச்சா ஒத்துப்பீங்களா?”

அவர் முகம் சிவந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று ஏதோ சொல்லிக்கொண்டு வெளியே போனார். நான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அவர் போன பிறகு மேடம் வழி சொன்னார். அப்பாவின் கையெழுத்து வேண்டும், அப்பா பெயரில் நிலையான ஒரு நம்பர் வேண்டும். அதோடு இன்னொரு சங்கடமும் இருந்தது. மாற்றம் செய்யும்போது பழைய நம்பருக்கு ஓ.டி.பி. போகும். அதைக் கேட்டுச் சொன்னால்தான் கணினி விடும்.

“அதாவது, என் மார்க்க அவருகிட்டருந்து எடுக்க அவருகிட்டயே கேக்கணுமா?”

“சிஸ்டம் அப்படிம்மா” என்றார் மேடம். அவருக்கும் அது அசிங்கமாகத்தான் பட்டது.

அன்று மதியமே வீட்டுக்கு வந்து கொல்லைக்குப் போனேன். அப்பா மரவள்ளிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். மலைமேல் மேகம் இறங்கி, மழை வருமோ வராதோ என்று இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அப்பா பயந்துபோனார்.

“நம்பர மாத்துனா அண்ணன் இன்னா நெனப்பாரு? இத்தினி வருசமா அவருதான நமக்கு எல்லாம் பாக்கறாரு. நாளைக்கி கொல்லைய குடுன்னா?”

“என் மார்க்கு உன் குத்தகைல சேத்தியாப்பா?”

அப்பா களைக்கொத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

“கொல்ல அவருது. கெணறு அவருது. நான் பாஸானா பெயிலானா அதுவும் அவருதா? லீவு போட்டா ஊரே எதுக்குன்னு கேக்குது, நீ கேட்டுக்கினு நிக்கற.”

கடைசியில் சொன்னது சுட்டது என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. சுடட்டும் என்றுதான் சொன்னேன். களைக்கொத்தைக் கீழே போட்டார். பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, நான் நீட்டிய காலேஜ் காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

“அவருகிட்ட நீயே கேட்டுக்கோ. நான் வரமாட்டேன்.”

மறுநாள் காலேஜ் பக்கத்துக் கடையில் அப்பாவையே கூட்டிக்கொண்டு போய் ஒரு சிம் வாங்கினேன். குடைக்காரனிடம் இல்லை, கடையில். ஆபீசில் காகிதத்தைக் கொடுத்தேன். சாயங்காலம் பால் ஊற்றும் நேரத்தில் நான் போன் செய்வதாகவும் அப்போது நம்பர் மாற்றும் பட்டனைத் தட்டும்படியும் மேடத்திடம் கேட்டுக்கொண்டேன். நிலத்துக்காரர் வீட்டுக்குப் போய் அவரைத் தனியாகப் பார்த்துக் கேட்கலாம்தான். வேண்டாம் என்று முடிவு செய்தேன். என் மார்க்கை வாசித்த இடத்திலேயே அதைத் திரும்ப வாங்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

சொசைட்டி வாசலில் வழக்கமான கூட்டம். நிலத்துக்காரர் நாற்காலியில் இருந்தார். வரமாட்டேன் என்ற அப்பாவும் கேனோடு வரிசையில் நின்றார், மாடு கறந்த பாலை வேறு என்ன செய்வது? நான் மேடத்துக்குப் போன் போட்டு, காதில் வைத்தபடி அவருக்கு எதிரில் போய் நின்றேன். பஸ்ஸில் வரும்போது வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். பெரியப்பா, உங்களுக்கு ஒரு நம்பர் வரும், அது என்னுடையது, அதை எனக்குச் சொல்லுங்கள். மறுத்தால் சொல்ல இன்னும் சூடாக வேறு வாக்கியங்களும் இருந்தன.

“பெரியப்பா...” என்று ஆரம்பித்தேன்.

அவர் போன் டிங் என்றது. “இரு கண்ணு” என்று கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, பல வருடப் பழக்கம், உரக்க வாசிக்க ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு எண்ணாக, இங்கிலீஷில், பின்வரிசைக்கும் கேட்கும்படி. முடித்துவிட்டு அடுத்த வரியையும் வாசித்தார்.

“டு நாட் ஷேர் வித் எனிஒன். இத்த யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு போட்டுக்கிறான்பா. யாரு கேஸுக்கு இது?”

என் காதில் மேடத்தின் குரல்: “கேட்டுச்சும்மா. போட்டுட்டேன். மாறிடுச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா என்று இன்றைக்கும் தெரியாது. கேட்கும் வேலையே அவர் வைக்கவில்லை. அடுத்தவர் சமாசாரம் கையில் வந்தால் வாசித்தே தீர வேண்டும் என்ற அந்தப் பழக்கம் என் பக்கம் ஒரு முறையாவது வேலை செய்தது. அப்படியே நழுவி வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் மறைத்து வாங்கியது என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது.

“கேஸுக்கு இல்ல பெரியப்பா. அது எனக்கு வந்தது. காலேஜுல உங்க நம்பர எடுத்துட்டு எங்கப்பா நம்பர போட்டாச்சு. இனிமே என் மார்க்கு, லீவு எதுவும் உங்களுக்கு வராது.”

பால் அளப்பது நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகம் தெரிந்தது.

“ஏன், நான் இன்னா உன் மார்க்க திருடி வித்துட்டனா? நல்லதுக்குத்தான சொன்னேன்.”

“நல்லதுக்குத்தான் சொன்னீங்க. ஆனா எங்கிட்ட சொல்லலியே. இவங்க எல்லார்கிட்டயும் சொன்னீங்க.”

அவர் என்னை விட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். அதுதான் வழக்கம், பெண்ணிடம் பேசித் தீராததை அப்பனிடம் பேசித் தீர்ப்பது.

“ஏம்பா, உன் பொண்ணு இன்னா பேசுது பாத்தியா? திங்கக்கெழம மில்லுக்கு வருதா இல்லியா? மச்சான்கிட்ட சொல்லிட்டேன்.”

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் தலையாட்டினால் எல்லாம் முடிந்தது, நம்பர் மாறி என்ன பயன்? அப்பா கேனைக் கீழே வைத்தார். அவர் முன்னால் கை காலியாக அப்பா நின்று நான் பார்த்தது அன்றுதான்.

“இல்லண்ணே. அது படிச்சிக்கினு போவட்டும்.”

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. ஆனால் அவரிடம் அப்பா ‘இல்ல’ என்று சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை, அதற்குப் பின்னும் அதிகம் கேட்டதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, ரொம்பப் பெருமையாக.

இலவசமாக எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த ஆடியில் கிணற்றடித் துண்டைத் தானே பயிர் வைத்துக்கொள்வதாக நிலத்துக்காரர் சொல்லியனுப்பினார். காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அம்மா என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள், ஒரு நம்பருக்காக நிலம் போயிற்றே என்று. அப்பாதான் “போனா போவுது, மேட்டுக் கொல்ல கீதுல்ல” என்று அடக்கினார். அந்தத் துண்டில் இன்று கரும்பு நிற்கிறது, அவருடைய கரும்பு. பார்க்கும்போது வலிக்கும். ஆனாலும் மறுபடி அந்த வாசலில் நிறுத்தினால் அதையேதான் செய்வேன். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் செய்வேன்.

இப்போது நான் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். திமிர் பிடித்த மேடம் என்று எனக்கு அங்கே ஒரு பெயர் இருக்கிறது. போனில் யாராவது “பொண்ணுக்கு மாமா பேசறேன், அரியர் எதுனா வச்சிருக்குதா?” என்பார்கள். சம்பந்தம் பேச வந்தவர்கள் நேரிலேயே வந்து, வருகைப்பதிவு எப்படி, மார்க் எப்படி என்று மாடு பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி விசாரிப்பார்கள். அந்தப் பெண்ணிடமே கேளுங்கள் என்பேன். அவளிடம் எப்படிக் கேட்பது என்று இழுப்பார்கள். அப்படியானால் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன். சேர்க்கையின்போது பெற்றோர் நம்பர் எழுதுகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, இது யாருடைய நம்பர் என்று கேட்கிறேன். வரிசை நீள்கிறது என்று ஆபீசில் திட்டுகிறார்கள். நீளட்டும்.

அந்த சிம்மை அப்பா இன்னும் மாற்றவில்லை. எத்தனை குடைகள் கூப்பிட்டும் மாற்றவில்லை.

நான் அந்த அரியரை எழுதி ரிசல்ட் வந்த அன்று, அப்பா கொல்லையிலிருந்து வேகமாக நடந்து வந்தார். பட்டன் போனை உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. வரும் வழியில்தான் சொசைட்டி இருக்கிறது, வாசிக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர் எப்போதும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைத் தாண்டித்தான் வந்திருக்கிறார்.

“உனுக்கு இன்னாவோ வந்திருக்குது. யாருகிட்டயும் காட்டல.”

வாங்கித் திறந்து பார்த்தேன். பிறகு அப்பாவை உட்கார வைத்து, என் வாயால், நான் ஒத்திகை பார்த்திருந்த வாக்கியங்களில், நானே சொன்னேன். அவர் கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

அந்த மார்க் என்ன என்று இவ்வளவு தூரம் படித்துவந்த உங்களுக்கும் கேட்கத் தோன்றும். சொல்ல மாட்டேன். அது எனக்கும் எங்கப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும்.